வலி அறியாத பாதங்கள்

(வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டார ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏர் பிடிக்கும் கையின் பெருமையைப் பலரும் பேசியிருக்கின்றனர். அந்தக் கையைத் தாங்கி நிற்கும் காலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆதலின் இன்று பாதத்தைப் பற்றிச் சிறிது நேரம் உங்களோடு பேச விரும்புகின்றோம்.

நமக்கு அண்மையிலுள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் தொழில் சிறந்து விளங்குகின்றது. இவ்வட்டாரத்தில் தைக்கப்படும் காலணிகள் கடல் கடந்து செல்கின்றன. ஆயினும் நம் வரப்புகளில் வெறுங்காலோடு நடப்போர் இன்றும் உளர். அவர்களுள்ளும் நாம் சிறப்பாகக் கவலைப்பட வேண்டியவர்கள், பாதத்தில் உணர்ச்சி இல்லாதவர்கள்.

உழவர் ஒருவருக்குக் காலில் கருவேல முள் தைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் உடனே நிற்கிறார்; முள்ளைப் பிடுங்கி எறிகிறார்; புண் ஆறும்வரை அந்தக் காலை மெல்ல ஊன்றி நடக்கிறார். இவ்வாறு செய்யுமாறு அவருக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. வலியே கற்றுக்கொடுத்தது. வலி என்பது உடலுக்கு இயற்கை அமைத்த காவலாள். நரம்பு கெட்டு அந்தக் காவலாள் போய்விட்டால், முள்ளோடேயே அவர் நாள் முழுதும் நடப்பார். மாலையில் இரத்தத்தைக் கண்ட பின்னரே செய்தி தெரியும்.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டிய பணியில் நம் வேலூருக்குப் பெரும் பங்கு உண்டு. டாக்டர் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அங்கே தொண்டு புரிந்த ஆங்கிலேயர். மருத்துவம் பயிலுமுன் அவர் கட்டிட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். அடுத்த ஆண்டில் செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவ நிலையத்தைக் காணச் சென்றபோது, மடங்கிப்போன கைகளையும் புண்பட்ட கால்களையும் கண்டார். அன்று தொடங்கிய ஆராய்ச்சி, 1955-இல் காட்பாடியை அடுத்த கரிகிரியில் ஏற்பட்ட தொழுநோய் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்திலும் தொடர்ந்தது. அவர் 1966-இல் அமெரிக்கா சென்றார், 2003-இல் மறைந்தார்.

அதுவரை மக்கள் நம்பியது யாது? தொழுநோய் சதையை அரித்துத் தின்கிறது, அதனால் விரல்கள் தாமே உதிர்கின்றன என்பதே. பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் பொறுமையாக ஆராய்ந்து, அது தவறு எனக் கண்டனர். நோய் கெடுப்பது நரம்பை. உணர்ச்சி அற்ற பாதத்தில், நடக்கும்போது ஒரே இடம் மீண்டும் மீண்டும் அழுந்துகிறது, தோல் கன்றுகிறது, புண்ணாகிறது. வலி இல்லாமையால் அந்தப் புண்ணின் மேலேயே நடப்பதால் அது எலும்புவரை செல்கிறது. அத்தகைய காலுக்கு ஓய்வு கொடுத்து மாவுக்கட்டுப் போட்டபோது, ஆறாது என்று கைவிடப்பட்ட புண்கள் பல ஆறின. நுனிப்பாதம் தொங்கி இழுபடும் காலுக்குத் தசைநாரை இடம் மாற்றித் தைக்கும் அறுவைச் சிகிச்சையும் கைகொடுத்தது.

ஆனால் அறுவைச் சிகிச்சையினும் பெரியது ஒன்று உண்டு. அது செருப்பு! மெத்தென்ற நுண்துளை ரப்பரை உள்ளே வைத்து, முள் ஏறாத கெட்டியான அடித்தோலைச் சேர்த்து, ஆணியே அடிக்காமல் தைத்தும் ஒட்டியும் செய்யும் செருப்பு அது. நழுவினால் காலுக்குத் தெரியாதாகையால் பின்வார் இருத்தல் வேண்டும். புதுச் செருப்பை முதலில் சிறிது நேரமே அணிந்து, கழற்றிச் சிவந்த இடம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

இது பழங்கதை அன்று. இன்று நம் ஊர்களில் பெருகியுள்ள நீரிழிவு நோயும் இதேபோல் பாத நரம்பைக் கெடுக்கின்றது. சிறு கொப்புளத்தைப் புறக்கணித்துக் காலையே இழந்தோர் உண்டு. நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி உண்டா என்று மருத்துவர் எளிதில் கண்டுவிடலாம்.

உணர்ச்சி குறைந்தோர் நாள்தோறும் செய்யத்தக்கவை சில. மாலையில் இரு பாதங்களையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். கண் மங்கியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். செருப்பினுள் கல், முள் உண்டா என்று கையால் தடவிப் பாராது, கண்ணால் பார்த்து அணியுங்கள். தடவும் கையும் உணர்ச்சி இழந்திருக்கலாம். வெந்நீரில் காலை வைக்காதீர்கள். அடுப்பங்கரையில் காலை நீட்டி உறங்காதீர்கள். புண் கண்டால் நடையை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள்.

ஊராட்சி உறுப்பினர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். தொழுநோய்க்குக் கூட்டு மருந்து சிகிச்சையை 1981-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. அம்மருந்து இலவசமாகக் கிடைக்கின்றது. ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நோய் தீர்கின்றது. உணர்ச்சியற்ற தேமலைத் தொடக்கத்திலேயே காட்டினால் நரம்பும் பிழைக்கும். நோய் தீர்ந்தவரின் காற்புண், மற்றவருக்கு ஒட்டும் தொழுநோய் அன்று; அது நடையால் வந்த காயம். தொழுநோயாளரை ஒதுக்கி அடைக்க 1898-இல் இயற்றிய சட்டத்தை நாடே 2016-இல் நீக்கிவிட்டது. சட்டம் விட்ட பின்னும் குழாயடியிலும் தேநீர்க் கடையிலும் நாம் அவரை ஒதுக்குவது முறையாகுமா?

ஜனவரி 26-ஆம் நாள் கிராமசபை கூடுகின்றது. 30-ஆம் நாள் தொழுநோய் எதிர்ப்பு நாள். உங்கள் ஊரில் உணர்ச்சியற்ற பாதமுடையோர் எவரெவர் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர் துணையோடு அறியுங்கள். அவர்கள் பெயரை அவையில் படிக்க வேண்டா. அவர்கள் காலுக்குத் தக்க செருப்பு வந்து சேர வழி செய்தால் போதும். தோலும் தொழில் திறமும் மிகுந்த இவ்வட்டாரத்தில் அது ஆகாத காரியமா?

காவலாளை இழந்த பாதத்திற்கு ஊரே காவலாக நிற்கட்டும்.