கல்லு ஊன்றினா மனையாகிருமா?
(விவசாயிகள் சங்க விளக்கக் கூட்டத்தில் செயலாளர் பேசியது)



பிசான அறுப்பு முடிஞ்சு கையில நாலு காசு புரளும்போதுதான் ஊருக்குள்ள வேன் வரும். "மாசம் ஐநூறு கட்டுங்க, அஞ்சு வருஷத்துல மனை உங்களுக்கு" என்பான். நானும் கட்டினவன்தான். சங்கக் கணக்கு எழுதுற நானே 38 மாசம் கட்டினேன். ஏஜெண்ட் சொந்தக்காரப் பையன், அதனால ஒரு கேள்வி கேக்கலை. ஒருநாள் போனா ஆபீஸ் பூட்டிக் கிடக்கு. அந்தப் பையனும் இன்னிக்கு ஊருக்குள்ள தலைகாட்ட முடியாம திருப்பூர்ல கிடக்கான்.

நாம மட்டும் ஏமாறலை. நிலம் தருகிறோம் என்று தவணை வாங்கிய பி.ஏ.சி.எல். கம்பெனி, நாடு முழுக்க 5 கோடிக்கும் மேற்பட்ட மக்களிடம் சுமார் 49,000 கோடி ரூபாய் திரட்டியது. செபி 1999-லேயே கேள்வி கேட்டது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. பணத்தைத் திருப்பிக் கொடு என்று செபி உத்தரவு போட்டது 2014-ல். பதினஞ்சு வருஷம்! 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி நீதிபதி லோதா கமிட்டி அமைந்தது. சின்னத் தொகை கட்டியவர்களுக்குத்தான் முதலில் பணம் திரும்பியது.

சட்டம் இருக்கு. ஆனா அது நம்ம கால்வாய்த் தண்ணி மாதிரி. கடைமடைக்கு வந்து சேர்றதுக்குள்ள பயிர் கருகிரும். அதனால பணம் கட்டுமுன்னே மூணு கேள்வி கேளுங்க.

ஒன்று: நிலம் யார் பேரில்? பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று மூணையும் பாருங்க. சர்வே நம்பர் இல்லாத ரசீதை நம்பி மனை கிடைக்கும்னு இருக்காதீங்க.

இரண்டு: டி.டி.சி.பி. அங்கீகாரம் உண்டா? பஞ்சாயத்துத் தலைவர் சீல் மட்டும் போதாது.

மூன்று: ரெரா பதிவு நம்பர் என்ன? 2016-ம் வருஷச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 செண்டுக்கு, மேற்பட்ட மனைத் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது.

ஏற்கெனவே ஏமாந்தவங்க ரசீதைக் கிழிச்சுப் போட்டுராதீங்க. முதலீட்டாளர்களைக் காக்க 1997-ல் தமிழ்நாடு போட்ட சட்டம் இருக்கு. பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுக்கலாம். சொத்தை ஜப்தி செய்ய மதுரையில் சிறப்பு கோர்ட் இருக்கு. வெக்கப்பட்டு மூடி வச்சா ஏமாத்தினவனுக்குத்தான் லாபம். தனியா போனா அலைக்கழிப்பான். ரசீதோட சங்கத்துக்கு வாங்க, சேந்து போவோம்.

அரசுக்கு நம் கோரிக்கைகள்:

* அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுப் பட்டியலை ஒவ்வொரு பத்திர ஆபீஸ் வாசலிலும் தமிழில் எழுதி வை!
* அனுமதியில்லாமல் நஞ்சையில் கல் ஊன்றுவதையும், வாய்க்காலைத் தூர்ப்பதையும் தடுத்து நிறுத்து!
* ஏமாந்த ஏழை விவசாயிகளின் பணத்தை மீட்டுக் கொடு!

நெல்லு வித்த காசு நம்ம வேர்வை. கேள்வி கேக்காம ஒரு ரூபா கூட கொடுக்காதீங்க.

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!