ஆயா எங்கே? குழந்தைக்கு என்ன பதில்?

(ஒரகடத்தில், தோழர் ஒருவரின் தாயார் மறைந்ததையொட்டி நடந்த படத்திறப்புக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று இவ்வம்மையாரின் படத்தைத் திறந்து வைத்துச் சில வார்த்தைகள் சொல்லும்படி கேட்டுக்கொள்ளப்பட்டோம். படத்தைத் திறந்தாயிற்று. சாதாரணமாக இம்மாதிரிக் கூட்டங்களில் கருமாதி எதற்கு, திதி எதற்கு, காக்கைக்குச் சோறு வைத்தால் செத்தவர் வயிறு நிறையுமா என்று பேசுவது நமது வழக்கம். அவற்றை நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். இந்த வீட்டாரோ புரோகிதனை வாசற்படி ஏறவிடாமல் காரியத்தை நடத்தியும் காட்டிவிட்டார்கள். ஆகவே அதைப்பற்றி அதிகம் பேசப் போவதில்லை. நம்மவர்கள் இதுவரை சரியாகக் கவனியாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளப் போகிறோம். அதாவது, செத்த வீட்டிலுள்ள குழந்தைக்கு நாம் என்ன பதில் சொல்லுகிறோம் என்பதும், அந்தக் காரியத்துக்குப் படப் புத்தகங்கள் எப்படிப் பயன்படும் என்பதுமேயாகும்.

இந்த எண்ணம் நமக்கு வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறோம். இவ்வம்மையார் இறந்த அன்று நாம் இவ்வீட்டுக்கு வந்திருந்தோம். ஐந்து வயதுப் பேத்தி திண்ணையில் இருந்த எல்லோரையும், “ஆயா எங்கே? எப்ப வரும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு அம்மாள், “சாமிகிட்டப் போயிடுச்சி” என்றார். இன்னொருவர், “ராத்திரி வானத்தைப் பாரு, நட்சத்திரமா இருக்கும்” என்றார். மற்றொருவர், “ஆயா தூங்குது, சத்தம் போடாதே” என்றார். வேறொருவர், “ஊருக்குப் போயிருக்கு, வந்திடும்” என்றார். அரை மணி நேரத்திற்குள் ஒரே கிழவியை நான்கு இடத்திற்கு அனுப்பிவிட்டார்கள்! கடைசியாக அக்குழந்தை நம்மிடம் வந்து அதே கேள்வியைக் கேட்டது. எத்தனையோ மேடைகளில் மோட்சமும் நரகமும் பொய்யென்று முழங்கிய நாம் என்ன சொன்னோம் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. “போய் விளையாடு, கண்ணு” என்று அனுப்பிவிட்டோம். மற்றவர்களாவது பொய் சொன்னார்கள். நாம் அதுவும் சொல்லவில்லை. இதை நினைத்து வெட்கப்பட்டோம். அந்த வெட்கந்தான் இன்றையப் பேச்சுக்குக் காரணம்.

தோழர்களே! “ஊருக்குப் போயிருக்கிறாள்” என்பதும் “தூங்குகிறாள்” என்பதும் கெடுதலில்லாத பேச்சு என்று பலர் எண்ணுகிறார்கள். 1948-ஆம் ஆண்டில் மரியா நாகி என்ற ஆராய்ச்சிக்கார அம்மையார், ஹங்கேரி தேசத்தில் புடாபெஸ்டு நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மூன்று முதல் பத்து வயது வரையுள்ள 378 குழந்தைகளிடம் சாவைப்பற்றி விசாரித்து எழுதியதை வெளியிட்டார். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் சாவை ஒரு பயணம் போலவும் தூக்கம் போலவுமே கருதுகிறார்கள் என்பது அவர் கண்டவைகளில் ஒன்று. செத்தவர் திரும்பி வரமாட்டார், செத்த உடலுக்குப் பசியில்லை வலியில்லை, சாவு எல்லோருக்கும் உண்டு என்பவைகளை, பெரும்பாலான குழந்தைகள் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் விளங்கிக்கொள்கிறார்கள் என்று பின்வந்த ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. அப்படியானால், உண்மையை விளங்கிக்கொள்ளும் வாசற்படியில் நிற்கும் குழந்தையை நாம் பின்னுக்கு இழுக்கிறோம் என்றுதானே அர்த்தம்? ஊருக்குப் போனாள் என்றால் குழந்தை பேருந்து நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தூங்குகிறாள் என்றால், தாய் தூங்கும்போது அதற்குத் திகில் பிடிக்கும். சாமி கூட்டிக்கொண்டு போனார் என்றால், அந்தச் சாமி நாளைக்கு நம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவாரோ என்று பயப்படும். இவற்றில் எது ஆறுதல்? யோசித்துப் பாருங்கள்.

“உண்மையைச் சொன்னால் குழந்தை பயப்படாதா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அய்யா, கருடபுராணத்தைச் செத்த வீட்டிலேயே உட்கார்ந்து படிக்கிறீர்களே! கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையும், சீழும் இரத்தமும் ஓடும் வைதரணி நதியும், எமகிங்கரர்களும் அதில்தானே இருக்கிறார்கள்? அவற்றைக் கேட்டுப் பயப்படாத குழந்தை, “ஆயாவின் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது; இனி வரமாட்டாள்; நாம் அவளை நினைத்துக்கொண்டிருப்போம்” என்ற மூன்று வார்த்தைகளைக் கேட்டா பயந்துவிடும்? வைகுண்டத்திற்கும் கைலாயத்திற்கும் வழி சொல்லுகிறவர்களை, ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத்துக்கு வழி கேளுங்கள். இன்னொருவனை விசாரித்துத்தான் சொல்லுவார்கள். இது இந்து மதத்திற்கு மாத்திரம் அல்ல, சுவர்க்கம் விற்கும் எல்லா மதங்களுக்கும் சொல்லுவதேயாகும்.

நிற்க, மேல்நாடுகளில் இதற்கென்றே குழந்தைகளுக்குப் படப் புத்தகங்கள் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜூடித் வியர்ஸ்ட் என்ற அம்மையார் 1971-ல் ‘பார்னியைப் பற்றிய பத்தாவது நல்ல விஷயம்’ என்று பொருள்படும் பெயரில் ஒன்று எழுதினார். பார்னி என்பது ஒரு பூனை. அது செத்துப்போகிறது. அழும் பையனிடம் தாய், பூனையைப் பற்றிப் பத்து நல்ல விஷயங்களை யோசித்து, அடக்கம் செய்யும்போது சொல் என்கிறாள். பையனுக்கு ஒன்பதுதான் வருகிறது. பக்கத்து வீட்டுப் பெண், பூனை மோட்சத்தில் இருக்கிறது என்கிறாள். பையன், மண்ணில்தான் இருக்கிறது என்கிறான். வழக்கு தகப்பனிடம் வருகிறது. மோட்சத்தைப் பற்றி நமக்கு அவ்வளவாகத் தெரியாது என்று நேர்மையாக ஒப்புக்கொள்ளும் அத்தகப்பன், பையனைத் தோட்டத்தில் விதை போடக் கூப்பிட்டு, மண்ணுக்குள் போகும் பொருள் எப்படி மாறிச் செடிக்கு உரமாகிறது என்பதைச் சொல்லுகிறான். பூனை பூக்களை வளர்க்கிறது என்பதே பையனுக்குப் பத்தாவது விஷயமாகிறது. நம்முடைய பகுத்தறிவுப் பிரசாரம் ஒரு மணி நேரத்தில் செய்வதை அந்தச் சிறு புத்தகம், யாரையும் வையாமல், ஒரு பூனையைக்கொண்டு செய்துவிடுகிறது.

இங்கிலாந்தில் ஜான் பர்னிங்ஹாம் என்பவர் 1984-ல் ‘தாத்தா’ என்ற படப் புத்தகம் போட்டார். தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து செய்யும் காரியங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. கடைசியில் ஒரு காலி நாற்காலி. குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. செத்தார் என்ற சொல்லே கிடையாது. ஆனால் பார்க்கும் குழந்தைக்குத் தெரிந்துபோகும். இவ்வீட்டுத் திண்ணையில் கிடக்கும் கயிற்றுக் கட்டிலைப் பாருங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

அதே நாட்டில் மைக்கேல் ரோசன் என்ற எழுத்தாளரின் மகன் 1999-ல் பதினெட்டு வயதில் இறந்தான். தகப்பனார் 2004-ல் தமது துக்கத்தையே குழந்தைகளுக்குப் படப் புத்தகமாக எழுதினார். குவென்டின் பிளேக் படம் வரைந்தார். முதல் படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சிரிப்பு வேஷம் என்பதை அவரே ஒப்புக்கொள்ளுகிறார். பகுத்தறிவுக்காரன் அழக்கூடாது என்று நம்மில் சிலருக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. அது தவறு. துக்கம் மூடநம்பிக்கையல்ல, துக்கத்தை வைத்துத் தட்சிணை வாங்குவதுதான் மூடநம்பிக்கை. பெரியவன் அழுவதைக் கண்டால்தான் தானும் அழலாம் என்று குழந்தைக்குத் தைரியம் வரும்.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. சென்னையில் 1996-ல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம், தமிழ் உட்படப் பல மொழிகளில் குழந்தைகளுக்குப் படப் புத்தகங்கள் போட்டுவருகிறது. பாட்டியை இழந்த ஒரு சிறுமி, பாட்டி எங்கே போனாள் என்று கேட்பதைப் பற்றி சதுரா ராவ் என்ற அம்மையார் எழுதிய புத்தகமும் அங்கிருந்து வெளிவந்திருக்கிறது. அதேபோல், 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கி நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்றே, அந்தச் சுனாமியை வங்காளத்துப் படச்சுருள் ஓவியர்களான ஜோய்தேவ் சித்ரகார், மொய்னா சித்ரகார் என்பவர்கள் வரைய, சென்னைத் தாரா பதிப்பகம் 2009-ல் மடிப்புச் சுருளாக அச்சிட்டது. நம் கரையில் செத்தவர்களுக்காக வங்காளத்தான் படம் எழுதினான். நாம் நம் வீட்டில் செத்தவர்களுக்காக ஒரு படமாவது வரைந்தோமா? படத்திறப்பு நடத்துகிறோம், வாஸ்தவம். ஆனால் அந்தப் படம் பெரியவர்கள் கண்ணுக்கு நேராகச் சுவரில் உயரத்தில் தொங்குகிறது. குழந்தைக்கு எட்டுவது கையில் பிடிக்கும் படந்தானே?

இன்னொரு சங்கதியும் சொல்லவேண்டும். செத்தவரை நினைப்பது என்றால் அவரைச் சாமியாக்குவது என்று அர்த்தமல்ல. 1933 மே 11-ல் நாகம்மையார் இறந்தபோது பெரியார் ‘குடி அரசில்’ எழுதினார். வைகுண்ட பதவி என்றோ சிவலோக பதவி என்றோ எழுதவில்லை. அவ்வம்மையார் தமக்கு என்னவாக இருந்தார் என்பதை எழுதினார். பெண்கள் விடுதலையைப் பற்றித் தாம் ஊருக்கு உபதேசித்ததை அவர் விஷயத்தில் நடத்திக் காட்டவில்லை என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். நினைவு என்றால் அப்படி இருக்கவேண்டும். குழந்தைக்குச் சொல்லும்போதும், “ஆயா உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள், வெற்றிலை கேட்டு எல்லோரையும் தொந்தரவும் செய்வாள், கோபம் வந்தால் ஊரே கேட்கும்” என்று உள்ளபடி சொல்லவேண்டும். அப்போதுதான் அது ஆயாவாக இருக்கும்.

இவ்வூருக்கு இது மிகவும் அவசியம் என்போம். இந்த ஒரகடம் நம் கண்முன் மாறிய ஊர். ரெனோ–நிசான் கார்த் தொழிற்சாலை 2010-ல் வந்தது. ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 2013-ல் வந்தது. வேலை வந்தது நல்லதுதான். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் இவ்வம்மையார் நாற்று நட்ட வயலில் இன்று மதிற்சுவர் நிற்கிறது. பேத்தி அந்த மதிலைத்தான் பார்த்திருக்கிறது; வயலைப் பார்த்ததில்லை. மகனும் மருமகளும் ஷிப்டு வண்டியில் போய்விட, சோறூட்டிக் கதை சொல்லிக் குழந்தையை வளர்த்தது இந்தக் கிழவிதான். அவளோடு வயலும் போயிற்று, ஏரிக்கரையும் போயிற்று, கதையும் போயிற்று. அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் இங்கே பிழைக்க வந்த தொழிலாளியின் குழந்தைக்கோ, பாட்டி செத்த செய்தி தொலைபேசியில்தான் வருகிறது. கடைசியாக முகத்தைப் பார்க்கக்கூட வழியில்லை. இந்தக் குழந்தைகளுக்கெல்லாம் யார் நினைவைக் கொடுப்பது? காக்கையா கொடுக்கும்?

ஆகவே வெறும் பேச்சோடு நிற்காமல் இரண்டு காரியங்கள் சொல்லுகிறோம்.

முதலாவது, இனி நம் வீடுகளில் படத்திறப்பு நடக்கும்போது, கூடவே ஒரு சிறு படப் புத்தகமும் செய்யவேண்டும். செலவில்லை. பன்னிரண்டு பக்கம் வெள்ளைத்தாள், ஊசி நூல், வண்ணப் பென்சில் போதும். ஒரு பக்கத்தில் ஆயாவின் சுருக்குப்பை. ஒரு பக்கத்தில் கயிற்றுக் கட்டில். ஒரு பக்கத்தில் அவள் நட்ட வயல், எதிர்ப்பக்கத்தில் அங்கே இன்றுள்ள மதில். ஒரு பக்கத்தில் அவள் சிரிப்பு, ஒரு பக்கத்தில் அவள் கோபம். ஒரு பக்கத்தில் அவள் நோயாய்ப் படுத்திருந்தது. ஒரு பக்கத்தில் அவளைப் புதைத்த இடம். கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். படம் கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

இரண்டாவது, 1948-லேயே நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் செய்தார்கள். சுதந்திர இந்தியாவில் அதுதான் முதலாவது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே செலுத்திவருகிறோம். இந்தக் காசுக்குக் கணக்குக் கேட்கலாம். இம்மாதிரி படப் புத்தகங்களை நம் கிராம நூலகங்களில் வாங்கி வைக்கும்படி இக்கூட்டத்தின் சார்பாக ஒரு மனு எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

தோழர்களே! பொய்யைப் பிடுங்குவது பாதி வேலைதான். பிடுங்கிய இடத்தில் ஒன்றும் நடாமல் விட்டால் மறுபடியும் அதே களைதான் முளைக்கும். புரோகிதனை வெளியே நிறுத்திவிட்டோம். ஆனால் அவனுடைய பழைய பொய்களைத் திண்ணையிலிருந்தவர்கள் அவனில்லாமலேயே சொன்னதற்குக் காரணம், கேட்ட குழந்தைக்கு நாம் ஒரு பதிலும் தயார் செய்து வைத்திருக்கவில்லை என்பதுதான்.

கூட்டத்திற்கு வருமுன் அக்குழந்தையை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அன்று சொல்லாத பதிலைச் சொன்னோம். “ஆயா செத்துப்போச்சு, கண்ணு. இனி வராது. எங்களுக்கும் அழுகையாகத்தான் இருக்கிறது” என்றோம். அது கொஞ்ச நேரம் அழுதது. பிறகு, “ஆயாவோட கட்டில்ல நான் படுத்துக்கலாமா?” என்று கேட்டது. படுத்துக்கொள் என்றோம். இப்போது அங்கேதான் தூங்குகிறது. அது விழித்ததும் கையில் கொடுக்கத் தாளும் பென்சிலும் கொண்டுவந்திருக்கிறோம். முதல் பக்கத்தை வரைய வீட்டார் பக்கத்தில் இருக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.