இனி கம்ப்யூட்டர் எதற்கு?



மின்கட்டணம் கட்ட, ரயில் டிக்கெட் எடுக்க, பிளஸ் டூ தேர்வு முடிவு பார்க்க என்று ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டரைத் தேடிப் போனோம். இன்று அத்தனையும் செல்போனிலேயே முடிந்துவிடுகிறது. பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கும் பேச்சு எழுந்தால், "கையில்தான் போன் இருக்கிறதே, அது போதாதா?" என்று பல வீடுகளில் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஐபேட் விற்பனைக்கு வந்த 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு மேடையில் இதற்குப் பதில் சொன்னார். அமெரிக்கா விவசாய நாடாக இருந்தவரை வண்டி என்றாலே லாரிதான். மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு கார்கள் பெருகின. கணினியும் இனி லாரியைப் போலத்தான், சிலருக்கே தேவைப்படும் என்பது அவர் கணிப்பு.

முதல் சில ஆண்டுகள் அவர் சொன்னபடியே நடந்தது. 2011-ல் உலகச் சந்தைக்குச் சுமார் 35 கோடி கணினிகள் சென்றன. 2018-ல் அது 26 கோடியாக இறங்கியது. இடையே 2016 அக்டோபரில், இணையப் பயன்பாட்டில் போனும் டேப்லெட்டும் சேர்ந்து கணினியை முதன்முறையாக முந்தின என்று ஸ்டாட்கவுன்ட்டர் நிறுவனம் கணக்குச் சொன்னது. நம் நாட்டில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் அதே ஆண்டில்தான்.

ஆனால் கணினியின் வாரிசு என்று பேசப்பட்ட டேப்லெட்டும் 2014-ல் சுமார் 23 கோடியைத் தொட்டுவிட்டுச் சரியத் தொடங்கியது. போன் திரை பெரிதாகப் பெரிதாக, டேப்லெட்டுக்கு இருந்த இடம் சுருங்கியது. 2020-ல் கொரோனா வந்து பள்ளியும் அலுவலகமும் வீட்டுக்குள் நுழைந்ததும், மக்கள் மறுபடி கணினி வாங்கக் கிளம்பினார்கள். 2021-ல் விற்பனை 34 கோடி அளவுக்கு ஏறியது.

காரணம் எளிது. பாடத்தைப் போனில் கேட்டுவிடலாம். பத்துப் பக்கம் புராஜெக்டை அதில் எழுதுவது பெரும்பாடு. ஒரு பக்கம் குறிப்பு, மறுபக்கம் எழுத்து என்று அருகருகே திறந்துவைக்க அந்தச் சின்னத் திரை இடம் தராது. டேலியில் கணக்கு எழுதுகிறவரும், டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவரும், ஆட்டோகேடில் வீட்டு பிளான் போடுகிறவரும் இன்றும் கீபோர்டும் மவுஸுமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐபோன் ஆப் உருவாக்கும் எக்ஸ்கோடு, மேக் கணினியில்தான் ஓடும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் கணினியைத்தான் கேட்கும். கார்கள் பெருகிய ஊருக்கும் சரக்கு லாரியில்தானே வருகிறது!

வேகம் இங்கே பிரச்சினை இல்லை. 2020-ல் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் வைத்த எம்1 சிப், ஐபோன் சிப்பின் வழி வந்தது. அடுத்த ஆண்டே அது ஐபேட் புரோவுக்கும் போனது. சிப் ஒன்றேயானாலும், எந்த மென்பொருளை ஓட்டலாம், எப்படி உட்கார்ந்து வேலை செய்யலாம் என்பதில் இரண்டும் வேறுவேறு.

டேப்லெட்டையும் கணினியையும் நாமும் சோதித்துப் பார்த்திருக்கிறோம். 2011-ல் மாணவர்களுக்கென்று நம் நாட்டில் இரண்டு திட்டங்கள் வந்தன. செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அக்டோபரில் மத்திய அரசு, மலிவு விலை ஆகாஷ் டேப்லெட்டை அறிமுகப்படுத்தியது. வேகம் போதவில்லை, பேட்டரி நிற்கவில்லை என்ற புகார்களோடு ஆகாஷ் மறைந்தது. தயாரிப்பில் இருந்த குறைகளே அதைக் கவிழ்த்தன என்பதையும் சொல்ல வேண்டும். மடிக்கணினியோ, பல எளிய வீடுகளுக்குள் வந்த முதல் கணினியாகிப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கும் கைகொடுத்தது.

ஆகவே பார்க்க, பேச, பணம் அனுப்பப் போன் போதும். அந்த வேலைகள் இனி கணினியிடம் திரும்பப் போவதில்லை. எழுத, கணக்குப் போட, வரைய, புரோகிராம் எழுதக் கணினி வேண்டும். போன் மட்டுமே உள்ள வீட்டுப் பிள்ளை, பிறர் உருவாக்கியதைப் பயன்படுத்துவதோடு நின்றுவிடக் கூடாது. புதியது வாங்க வசதி இல்லையென்றால், பழைய லேப்டாப் ஒன்று போதும். பள்ளிக் கணினி அறையும் உதவும். பத்து விரல்களாலும் தட்டச்சு செய்ய, ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழ்99 விசைப்பலகையிலும், உங்கள் பிள்ளைகளைப் பழக்குங்கள்.