கார் குடிக்கும் வாயு

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து தென்காசிக்கு நான் ஓட்டிச் செல்லும் பழைய பெட்ரோல் கார், இப்பொழுது திரவ வாயுவில் ஓடுகின்றது. பலருக்கு இது வியப்பாயிருக்கின்றது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் கரிவாயுக் கலம் செய்தளித்தனர்; அக்காலத்துப் பேருந்துகள் அடுப்பையே முதுகில் சுமந்து ஓடின!

புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது திரவ வாயு. அழுத்தத்தில் திரவமாய் அடங்கி நிற்கும். அழுத்தம் தளர்ந்தால் ஆவியாகிக் குளிரும். அக்குளிரைப் போக்க, எஞ்சினின் வெந்நீரை ரெகுலேட்டரைச் சுற்றி ஓடவிடுவர். ஆகவே, காலையில் சிறிது நேரம் பெட்ரோலில் ஓட்டிச் சூடேற்றியபின் வாயுவிற்கு மாற்றுதல் நன்று. லிட்டருக்கு ஓடும் தூரம் சற்றே குறையும்.

வெயிலில் திரவம் விரியுமாதலால், காருக்குரிய கலத்தை நூற்றுக்கு 80 பங்கே நிரப்புவர்; அதற்கு மேல் ஏறாதபடி வால்வு தடுக்கும். சமையல் சிலிண்டரில் அத்தகைய வால்வு இல்லை. கசியும் வாயுவோ காற்றினும் கனமானது. தரையோரம் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். 2000ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி வாயுவை அனுமதித்தபோதும், ஒப்புதல் பெற்ற கலத்திற்கே இடமளித்தனர்.

ஒருநாள், பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த வேனொன்றில், இருக்கையின் கீழே சமையல் சிலிண்டரைக் கண்டேன். "பல வருஷமா இப்படித்தான் ஓட்டுறேன், ஐயா" என்றார் ஓட்டுநர். பிள்ளைகளை இறக்கி, அவர்களுடன் பள்ளிக்கு நடந்தேன்.