செப்புத் தகடும் சுவர்ச் சித்திரமும்



மைசூரில் வாழும் நம் போன்ற தமிழர், ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அழைத்துச் செல்வது வழக்கம். அரங்கநாதரைச் சேவித்தபின் தரியா தௌலத் மாளிகையையும் காண்கிறோம். 1784-இல் எழுந்த அம்மாளிகை, 1959 முதல் திப்பு சுல்தான் பொருட்காட்சிசாலையாக விளங்குகிறது. அங்குள்ள ஆங்கிலேயரின் அச்சுச் சித்திரங்களை நம்மில் பலர் நின்று பார்ப்பதில்லை.

இத்தகைய சித்திரம் உருவாகும் முறை நுட்பமானது. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கோடு கீறித் திராவகத்தில் இடுவர். கீறிய இடத்தை மட்டும் திராவகம் அரிக்கும். அப்பள்ளங்களில் மை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் சித்திரம் படியும். உளியால் நேரே செதுக்குவதும் உண்டு. எம்முறையாயினும் ஒரே தகடு நூற்றுக்கணக்கான பிரதிகளைத் தரும்.

1791-இல் சென்னைக்கு வந்த ராபர்ட் ஹோம் என்னும் ஓவியர், கார்ன்வாலிஸின் படையோடு மைசூர் நாட்டுக்குச் சென்றார். அவர் வரைந்த காட்சிகள் தகட்டில் ஏறி, 1794-இல் நூலாக வெளிவந்தன. 1792-இல் திப்புவின் புதல்வர் இருவர் பிணையாக ஒப்படைக்கப்பட்டதை அவரும் வேறு பல ஓவியரும் தீட்டினர். அச்சிறுவரைக் கார்ன்வாலிஸ் தந்தையைப்போல் வரவேற்பதாகவே அச்சித்திரங்கள் காட்டின. சிறுவர் சென்னையில் 1794 வரை பிணையாக இருந்ததையும், திண்டுக்கல்லும் பாராமகாலும் உள்ளிட்ட பாதி இராஜ்யம் பறிபோனதையும் அந்த அன்புக்காட்சி சொல்வதில்லை.

அதே மாளிகையின் மேற்குப் புறச்சுவரில் மற்றொரு போர் தீட்டப்பட்டிருக்கிறது. 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலப் படையை முறியடித்த காட்சி அது. வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. தளபதி பெய்லி பல்லக்கில் சாய்ந்திருக்கிறார். இதுவும் வென்றவர் தீட்டுவித்ததே. அதில் மடிந்த சிப்பாய்களுள் நம் நாட்டவர் பலர் என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டும் ஒருபக்கச் சாட்சியங்களே. ஆயினும் சுவர் நின்ற இடத்திலேயே நின்றது. காகிதமோ கடல்கடந்து வீடுதோறும் சென்றது. உலகம் நெடுங்காலம் நம்பியது எதனை என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

அடுத்தமுறை நம் பிள்ளைகளுடன் அங்கே செல்லும்போது, முதலில் சுவரையும் பின்னர் அச்சுச் சித்திரங்களையும் நிதானமாகக் காண்போம். இதனை வரைந்தவர் எப்பக்கம் நின்றார், யாருக்காக வரைந்தார் என்று அவர்களைக் கேட்கச் செய்வோம். சரித்திரத்தைக் கற்பதற்கு அக்கேள்வியே நல்ல தொடக்கமாகும்.