மாரிக்கால நிஃமத்துகள்



திருகோணமலை நகருக்கு வடக்கே, சல்லிக் கரையில் வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் மேட்டில் ஏற்றப்பட்டுவிடும். வடகீழ்ப் பருவமழை பொழியும் அந்நாட்களில் மீனவர் வீட்டு இன்பங்கள் எவை? சீனியைக் கடித்துக்கொண்டு பருகும் இஞ்சித் தேநீர், அவித்த மரவள்ளிக்கிழங்கு, சுட்ட கருவாடு, மழை ஓய்ந்த மாலையில் வலை பொத்துவோரின் கதைப்பேச்சு.

இவை அற்பமானவையா? சற்றுச் சிந்தியுங்கள். அல்குர்ஆனின் 106ஆவது அத்தியாயமான ஸூரத்து குறைஷ், மக்கத்து வணிகரின் மாரிக்கால, கோடைக்காலப் பயணங்களை நினைவூட்டி, அல்லாஹ் அவர்களுக்கு அளித்த இரு அருட்கொடைகளைச் சொல்கின்றது. ஒன்று பசிக்கு உணவு. மற்றையது அச்சத்திலிருந்து அபயம்.

அபயத்தின் அருமையை நாம் அறிவோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி, இதே மாரியில்தான் ஆழிப்பேரலை எமது கரையோரங்களைச் சூறையாடியது. 2009இல் முடிவுற்ற யுத்தமோ எத்தனையோ இரவுகளின் உறக்கத்தைப் பறித்தது. ஆகவே, அச்சமின்றிப் பருகும் ஒரு கோப்பைத் தேநீரில் அவ்விரு நிஃமத்துகளும் ஒன்றுசேர்கின்றன.

ஆயினும், கடலுக்குப் போகமுடியாத நாட்களில் அடுப்பு எரியாத வீடுகளும் உண்டு. ஆணம் சமைக்கும்போது தண்ணீரைச் சற்று அதிகமாக்கி, அயலவருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். அயலவர் எம்மதத்தவர் என்று பசி கேட்பதில்லை, நாமும் கேட்கலாகாது. இன்றிரவு உங்கள் சட்டியில் ஓர் அகப்பை அவருக்காகவும் இருக்கட்டும்.