ஊராட்சிக்கா, குக்கிராமத்துக்கா? கிராம வளர்ச்சி மானியத்தின் அலகு

 இப்பொழிவின் பொருள் அவையோர்க்குப் புதிதன்று. கிராம ஊராட்சிகளுக்கு மாநில அரசு வழங்கும் மானியம் எந்த அளவுகோலால் பகிரப்பட வேண்டும் என்னும் வழக்கு, உள்ளாட்சி நிதியை ஆராய்வோரிடையே நெடுங்காலமாக நடந்துவருகிறது. சொந்த வரியை ஒழுங்காக வசூலிக்காத ஊராட்சிகளே மானியத்தை எதிர்பார்த்து நிற்கின்றன, ஆகவே வரி முயற்சிக்கு ஏற்பவே மானியம் தரப்பட வேண்டும் என்பது ஒரு சாராரின் வாதம். வரியைப் பற்றிய இவ்வாதத்தில் மூழ்கி, மானியம் எந்த அலகில் எண்ணப்படுகிறது என்னும் முதற்கேள்வியை அவர்கள் கேளாமலே விட்டனர் என்பதே இப்பொழிவின் நிலைப்பாடு.

மானியம் என்பது இங்கு இருவகைப்படும். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்காக, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி ஆண்டுதோறும் வருவது ஒன்று. குறிப்பிட்ட பணிகளுக்கெனத் திட்டத்தின் பெயரால் வருவது மற்றொன்று. அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தமும், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் முதல்வகைக்கு நிலையான அடித்தளம் இட்டன. இரண்டாம் வகையோ ஆட்சிக்கு ஆட்சி பெயரும் வடிவும் மாறுவது. அலகைப் பற்றிய வழக்கு கூர்மையடைவதும் அதில்தான்.

2006-07 முதல் 2010-11 வரை நடைபெற்ற அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் இதற்குத் தக்க சான்று. மாநிலத்தின் எல்லாக் கிராம ஊராட்சிகளும் ஐந்தாண்டுகளில், ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வீதம், அத்திட்டத்தின்கீழ் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஊராட்சி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் என ஒரே தொகை வகுக்கப்பட்டது. சமத்துவம் என்றே பலர் இதனைப் பாராட்டினர். தஞ்சாவூர் மாவட்டத்தையும் நீலகிரி மாவட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அச்சமத்துவத்தின் உண்மை உருவம் தெரியவரும். தஞ்சாவூரில் 589 கிராம ஊராட்சிகள், நீலகிரியில் 35. ஆகவே தஞ்சாவூர்க் கிராமங்களுக்கு உரிய மொத்தத் தொகை 117.8 கோடி ரூபாயாகவும், நீலகிரிக் கிராமங்களுக்கு உரியது 7 கோடி ரூபாயாகவும் அமைகின்றன. அதாவது ஏறத்தாழப் பதினேழுக்கு ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தஞ்சாவூரின் ஊரக மக்கள் சுமார் பதினைந்தரை லட்சம், நீலகிரியின் ஊரக மக்கள் சுமார் 3 லட்சம் என்பதால், மக்கள்தொகை விகிதமோ ஐந்துக்கு ஒன்றுதான். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், மலைவாழ் குடும்பம் பெற்றது டெல்டாக் குடும்பம் பெற்றதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு.

தலைக்கணக்கும் முழு உண்மையைக் காட்டிவிடாது. டெல்டாவின் ஊராட்சி பெரும்பாலும் சமநிலத்தில் சில தெருக்களும் தனியே அமைந்த குடியிருப்புகளும் கொண்டது. நீலகிரியின் ஊராட்சியோ, படுகர் ஊர்களாகிய ஹட்டிகள், பழங்குடியினர் குடியிருப்புகள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசைகள் எனப் பல சரிவுகளில் சிதறிக் கிடப்பது. ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி அடுத்த சரிவுக்குப் பயன்படாது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனித்தனியே நீராதாரம், குழாய், மோட்டார், பாதை, தெருவிளக்கு தேவைப்படும். செலவைத் தீர்மானிப்பது தலைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் குடியிருப்புகளின் எண்ணிக்கையும் அவற்றிடையே உள்ள தொலைவும்தான். அங்கே 20 லட்சம் ரூபாயைக் குடியிருப்புகளுக்குப் பங்கிட்டால் எதற்கும் போதாது. பங்கிடாமல் ஓரிடத்தில் செலவிட்டாலோ, அவ்விடம் பெரும்பாலும் சாலையை ஒட்டிய பெரிய குடியிருப்பாகவே இருக்கும். கடைக்கோடிப் பழங்குடியினர் விடுபட்டதற்கு அவர்களின் வரி முயற்சியைக் குறை கூறுவது நேர்மையான ஆராய்ச்சி ஆகாது.

இக்குறையை அரசே பின்னர் ஒப்புக்கொண்டது என்பதை எதிர்த்தரப்பார் எளிதில் மறந்துவிடுகின்றனர். 2011-12-இல் தொடங்கிய தமிழ்நாடு கிராமக் குடியிருப்புகள் மேம்பாட்டுத் திட்டம், அதாவது 'தாய்' திட்டம், அலகை ஊராட்சியிலிருந்து குக்கிராமம் எனப்படும் குடியிருப்புக்கு மாற்றி, மாநிலத்தின் 79,394 குக்கிராமங்களைக் கணக்கில் கொண்டு, குக்கிராமங்கள் மிகுந்த ஊராட்சிக்குக் கூடுதல் தொகை கிடைக்க வழிசெய்தது. ஒரு திட்டத்தின் அரசியல் எதுவாயினும், அதன் கணக்கு சரியாக இருந்தால் சரி என்றே கூற வேண்டும். கருத்தரங்க மேடைகளில் அது அரிதாகவே கூறப்பட்டுள்ளது.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே சட்டம் அறிந்த அலகு, குக்கிராமத்துக்கு மன்றம் ஏது என்னும் மறுப்புக்கு ஓரளவு நியாயம் உண்டு. ஊராட்சி செயலரின் ஊதியம், அலுவலகச் செலவு ஆகியவை சிறிய ஊராட்சிக்கும் பெரியதற்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், மூன்றாம் மாநில நிதி ஆணையக் காலத்தில் வகுக்கப்பட்ட ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் என்னும் குறைந்தபட்ச மானியம் ஊராட்சியை அலகாகக் கொண்டது பொருத்தமே. சொத்துகளை உருவாக்கும் மானியத்துக்கு அந்த நியாயம் செல்லாது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்திருந்தால் வழக்கு எப்போதோ முடிந்திருக்கும்.

அவ்வாறு உருவாக்கப்பட்ட சொத்துகளின் பராமரிப்பு தனியே ஆராயத்தக்கது. தொட்டியைத் திட்ட மானியம் கட்டித்தருகிறது. மோட்டாரின் மின்கட்டணமும், குடிநீர் வடிகால் வாரியத்துக்குரிய கட்டணமும் நிதி ஆணைய மானியத்திலிருந்து ஒதுக்கப்பட்டு, ஊராட்சியின் இரண்டாம் எண் கணக்கு வழியே செல்கின்றன. புதுத் தொட்டி ஒவ்வொன்றும் நிலையான செலவொன்றைக் கூடவே கொண்டுவருகிறது.

மேலும் ஆராயத்தக்கவை சில உள. 1997-98-இல் தோன்றிய நமக்கு நாமே திட்டம் செலவில் ஒரு பங்கை மக்கள் பங்களிப்பாகக் கேட்டது. கொடையாளர் உள்ள ஊரும் இல்லாத ஊரும் அதில் எவ்வாறு பயன்பெற்றன என்பது மாவட்டவாரியாக ஆராயப்பட வேண்டும். 2016-க்குப் பின் தேர்தல் நடவாமல் தனி அலுவலர்கள் நிர்வகித்த ஆண்டுகளில், நிறுத்திவைக்கப்பட்ட மத்திய நிதி ஆணைய மானியத்தின் இழப்பு எந்த ஊர்களைத் தாக்கியது என்பதும் அவ்வாறே. 15-ஆவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்குரிய மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் தூய்மைப் பணிக்கும் கட்டிவைத்ததன் விளைவும் ஆராய்தற்குரியது. நேரமின்மையால் இவை இங்கு விரித்துரைக்கப்படவில்லை. இளம் ஆய்வாளர்கள் முதலில் செய்யத்தக்கது, குடியிருப்புகள் மிகுந்த ஒரே ஓர் ஒன்றியத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஊராட்சிகளின் இரண்டாம் எண் கணக்குகளைப் பத்தாண்டுகளுக்குக் குக்கிராமவாரியாகப் பிரித்துப் பதிப்பிப்பதாகும்.